மூன்று நாளைக்குள் கூப்பிடுவோம்

சார்ஜாவிலிருந்து கூப்பிட்ட அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“நாகப்பட்டினம் ஆயிஷாதானே? எங்க கம்பெனி வெப்சைட்ல வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க. அதுல போட்டிருந்ததை முழுசாப் படிச்சீங்களா?”

“படிச்சேன் சார். வெயில் தாங்காது, ஒரு ரூமுக்கு ஆறு பேர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. எதையும் ஒளிக்காம எழுதியிருந்தீங்க.”

“நான்தான் எழுதினேன். பொய் சொல்லி யாரையும் வரவழைக்கக் கூடாது பாருங்க. அந்த லீவு விஷயத்தைத் தாங்கிக்குவீங்களா?”

“ஆறு வருஷமாப் பழக்கம் சார். எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார்.”

“ஓ, அவரோட இருக்கத்தான் அப்ளை பண்ணீங்களா?”

“இல்ல சார். ‘அப்ளை பண்ற எல்லாரையும் மூணு நாளைக்குள்ள கூப்பிடுவோம்’னு போட்டிருந்தீங்களே, அது நெசமான்னு பார்க்கத்தான்.”

மறுமுனையில் அதிகாரியின் மிடுக்கான குரல் இறங்கி, அவள் புருஷனின் சொந்தக் குரலானது.

“மூணு வாரமா உனக்கு ஒரு போன் பண்ணலை. தப்புதான் ஆயிஷா.”

“இன்டர்வியூவை அதுக்குள்ள முடிச்சிடாதீங்க மச்சான். உங்க மக ஷிஃபாவும் அப்ளை பண்ணியிருக்கா. இருங்க, அவகிட்ட குடுக்கிறேன்.”