சுரண்டைக்காரர் உயில்

குற்றாலத்தில் சாரல் பிடித்தும் தில்லைநாயகம் அருவிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சைகோனில் பிரெஞ்சுக் கம்பெனி உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். தென்காசியில் யாருக்குப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுப்பவர் அவர்தான். இப்போது ஓர் உயில் ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னுமா முடியல?" காப்பியை வைத்தாள் மனைவி குழல்வாய்மொழி.

"சுரண்டைக்காரர் ஒருத்தரு சைகோன்ல எழுதின உயிலு. பாதிச் சொத்து 'கொம்பாஞ்'னு எழுதியிருக்கவளுக்காம். அப்படின்னா தாலி கட்டாமக் கூட வாழ்ந்தவ. கம்பானியன்னு போட்டா ரயில்ல கூட வந்தவ மாதிரி இருக்கு. மிஸ்ட்ரஸ்னா ரிஜிஸ்தர் ஆபீசுல சிரிப்பானுவ. வொய்ஃபுன்னா பொய்யி."

"ஊருல பொண்டாட்டி இருக்காளோ?"

"இருக்கா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இந்த வயதில் இதெல்லாம் அலுப்பாக இருந்தது.

"அங்கன அவருக்குச் சோறு பொங்கிப் போட்டது யாரு? காய்ச்சல்ல கெடந்தா பாத்துக்கிட்டது?"

"எல்லாம் அவதான்."

"பொறவென்ன யோசன? வொய்ஃபுன்னே எழுதுங்க."

பேனாவை எடுத்து அப்படியே எழுதினார்.

காலி டம்ளரோடு அடுக்களைக்குப் போனவள், நிலைப்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"உங்க உயில்ல அவ பேரையும் தெளிவா எழுதிருங்க. தூக்கத்துல கூப்பிடுதீயளே, அந்தப் பேருதான்."