ஒட்டகத்தின் ஊருக்கு

கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து நடக்கும் ஒட்டகத்துக்கும் உப்பு மூட்டை சுமக்கும் கழுதைக்கும் ஒரே கொட்டகை. கழுதை ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை. ஒட்டகமோ குட்டியிலேயே பாலைவனத்திலிருந்து பிடித்து வரப்பட்டது. இரண்டும் சேர்ந்து அங்கே போக வேண்டும் என்று தினமும் பேசிக்கொள்ளும்.

“முதல்ல மஞ்சக்கல் கோட்டை, அடுத்து ஏழு வாசல் நகரம், அப்புறம் உங்க மணல்மேடு. சரிதானே அண்ணே?” என்று ஒட்டகம் சொன்ன வழியைக் கழுதை ஒப்பிக்கும்.

“அங்க ஒரு கிணறு. பக்கத்துல எங்கம்மா நிப்பா” என்று ஒட்டகம் முடிக்கும்.

ஒருநாள் புயலில் கொட்டகை சாய்ந்து கட்டுக்கயிறுகள் அறுந்தன. கழுதை துள்ளியது. “கிளம்புங்கண்ணே!”

ஒட்டகம் படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை. “நாளைக்குப் போலாமே.”

“ஏண்ணே?”

“நான் வந்து இருபது வருஷமாச்சு தம்பி. போய்ப் பார்த்து, அங்க யாருமே இல்லேன்னா? நான் இங்க இருக்கிறவரைக்கும் எங்கம்மா அங்க நிக்கிறா.”

கழுதை ஒட்டகத்தின் அருகில் வந்து நின்றது. பிறகு, “கோட்டையும் நகரமும் மட்டும் பார்ப்போம். மணல் தெரிஞ்சதும் திரும்பிடலாம்” என்றது.

ஒட்டகம் மெல்ல எழுந்தது.

பல நாள் நடந்து, முதல் மணல்மேடு கண்ணில் பட்டபோது, திரும்பும் பேச்சை இரண்டுமே எடுக்கவில்லை.