வீரய்யாவுக்கு ரெண்டு மெமோ

ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல ஒரு மைல்கூட இல்லை. ரெக்கார்டுப் பெட்டியைக் கொண்டு போய்ச் சேக்க ரெண்டு பியூனுக்கும் ஒரு மணி நேரம் ஆச்சு.

காரணம், வீரய்யாவோட வாய்.

பெட்டியில ஆளுக்கொரு பிடி. நூறு அடி போவான், எறக்கிருவான். வெத்தலைக் கடையில மழையைப் பத்திப் பேச்சு. அடுத்த நூறு அடியில சைக்கிள் கடை. அங்கிட்டு ஆளே இல்லைன்னா, கட்டிப்போட்ட எருமைகிட்ட நலம் விசாரிப்பான்.

கூட வர்ற உடையப்பன் பாவம். சமஸ்தானத்துக் காலத்து ஆள், பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம். பெட்டி மேல உக்காந்திருப்பார். அவர் பத்த வைக்கிற பீடியைக்கூட வீரய்யா புடுங்கித் தானே இழுத்துருவான்.

புது ஆபீசர் முத்துராமன் ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சார். உடையப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"பேச்சு இருந்தா எனக்குச் சோறே வேணாங்கய்யா"ன்னான் வீரய்யா.

வீரய்யாவுக்கு மெமோ குடுத்தார். இன்னொரு தடவை வழியில நின்னா கீரமங்கலத்துக்கு மாத்தல்.

மறுநாள் ஆபீசரே சைக்கிள்ல பின்னாடி போனார். நூறு அடியில பெட்டி எறங்குச்சு. ஆபீசர் புளியமரத்துக்குப் பின்னாடி ஒதுங்கினார்.

இந்தத் தடவை பேசினது உடையப்பன்.

"அய்யாகிட்ட உள்ளதைச் சொல்லிருறேன்டா. எனக்காக நீ எதுக்கு ஊரை விட்டுப் போகணும்?"

"என்னன்னு சொல்லுவீங்க? இடுப்புலேருந்து காலுக்கு ரத்தம் எறங்குற குழா அடைச்சிருக்கு, நூறு அடிக்கு ஒருக்கா கால் கல்லாயிருதுன்னா? நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பென்ஷன் தேறாது. பீடியை இங்கிட்டுக் குடுங்கண்ணே. டாக்டர் என்ன சொன்னாரு?"

குடுத்தார்.

"ரத்தம் எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு."

"அப்பத் தூக்குங்க."

சாயங்காலம் வீரய்யாவுக்கு ரெண்டாவது மெமோ வந்துச்சு. மாத்தல் இல்லை. ஆனா தண்டனை உண்டு: எட்டு மாசத்துக்குப் பெட்டியை அவன் ஒருத்தனே சுமக்கணும், நூறு அடிக்கு ஒருக்கா எறக்கி வச்சுக்கலாம்; அவன் திருந்துறானான்னு பாக்க உடையப்பன் வெறுங்கையோட கூடவே போகணும்.