கொக்கின் பாராட்டு

குளத்தின்மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னியிருந்தது. அதனுள் அதன் பேடை முட்டைகளை அடைகாத்துவந்தது. குருவியின் மனமோ, கீழே நீரில் ஒற்றைக்காலில் நின்ற வெள்ளைக் கொக்கிடமே கிடந்தது. கொக்கின் கண்ணுக்கு விருந்தாக வேண்டும் என்றே பக்கத்து ஓலையில் இன்னொரு கூட்டைப் பின்னிக்கொண்டிருந்தது. கொக்கு ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏங்க, நம் கூட்டின் காம்பு நைந்துவிட்டது. நாலு நார் சுற்றிக் கட்டுங்கள்” என்றது பேடை.

“இதை முடித்துவிட்டு வருகிறேன்.”

“அந்த வெள்ளைச்சிக்கென்றால் நார் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் பஞ்சமா?”

குருவி புதுக்கூட்டுக்கே திரும்பியது. புதுக்கூட்டின் வாயிலை முடிக்க மெல்லிய நார் ஒன்று வேண்டியிருந்தது. அத்தகைய நார் பழைய கூட்டின் காம்பில்தான் இருந்தது. ஒன்றுதானே என்று உருவியது.

கூடு அறுந்து குளத்தில் விழுந்தது. தப்பிய பேடை கதறிக்கொண்டே நீரின்மேல் வட்டமிட்டது. முட்டைகள் மூழ்கிப்போயின.

கொக்கு முதன்முறையாகத் தலை நிமிர்ந்தது.

“விழுந்த விதம் அழகாக இருந்தது” என்றது.

குருவி அழுவதற்குத்தான் வாயைத் திறந்தது.

“மெய்யாகவா?” என்று கேட்டது.