ஆமை மாமாவின் கொலைக்கதை

“ஆமை வரைஞ்ச கையில கொலைக்கதையைக் குடுத்திருக்கீங்களே, எப்படி சார் மனசு வந்துச்சு?”

பத்திரிகை ஆசிரியரின் அறைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டாள் கார்ட்டூனிஸ்ட்டின் மனைவி. உட்காரக்கூட இல்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? குடை பிடித்துப் பறக்கும் ஆமையை வாராவாரம் வரைந்த மனுஷன். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஆமை மாமா. அந்தப் பக்கத்தைப் பிடுங்கிவிட்டு, வருங்கால நகரத்தில் இயந்திர மனிதன் ஒவ்வொருத்தர் கழுத்தாக நெரிக்கிற தொடரை அவர் தலையில் கட்டியிருந்தார் ஆசிரியர். அன்றிலிருந்து மனுஷன் வீட்டில் வாயே திறப்பதில்லை.

“காலம் மாறுதும்மா. பெரியவங்களுக்கு இதான் பிடிக்குது” என்று மழுப்பினார் ஆசிரியர்.

விற்பனைக்காக ஒருத்தர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் மேஜைத் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆமையைத் திருப்பிக் குடுங்க. இல்லேன்னா முதலாளிகிட்டப் பேசிக்கிறேன். மாடியிலதானே இருக்கார்?”

கிளம்பியேவிட்டாள். ஆசிரியர் ஓடிவந்து கதவை மறித்தார். முகம் வெளிறியிருந்தது.

“மேல மட்டும் போயிடாதீங்கம்மா.”

“பயமா இருக்கா?”

“ஆமா” என்றவர், பீரோவிலிருந்து அவள் கணவர் கடைசியாக வரைந்த ஆமைப் பக்கத்தை எடுத்து நீட்டினார். ஆமைக்குப் பக்கத்தில் நின்ற சிறுமியின் முகம் பச்சையாக இருந்தது.

“மாயக்கதைதானே? பச்சையா இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?”

“நானும் அப்படித்தாம்மா நினைச்சேன். எதுக்கும் கேட்டு வைப்போம்னு அவரைக் கேட்டேன். மாநிறம்தானே போட்டிருக்கேன்னார்.”

புரிவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள்.

அவள் கணவருக்குக் கண்ணில் நிறம் மங்கிக்கொண்டே வருகிறதாம். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கெஞ்சினாராம். கொஞ்ச நாள் ஆசிரியரே யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து வண்ணத்தைத் திருத்தியிருக்கிறார். வண்ணம் போடத் தனி ஆள் கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும். முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவார்.

“அதுக்காகக் கொலைக்கதையா சார்?” என்றாள் அவள்.

“அதை மட்டும்தாம்மா, கலரே இல்லாம கறுப்பு வெள்ளையில போட்டாலும், வேணும்னுதான் போட்டிருக்கோம்னு நம்புவாங்க.”