ரோஸ்லினின் சொந்தக்காரர்கள்

பேரிச்சோலை ஏரியை ஒரு விடுதி நிறுவனம் வாங்கியதும் கரையைச் சுற்றி வேலி வந்தது. நுழைவில் பேசும் கதவு ஒன்றை வைத்தார்கள். விருந்தினரையும் ஊழியர்களின் குடும்பத்தாரையும் மட்டுமே அது உள்ளே விடும்.

இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி ட்ரௌட் மீன் பிடிப்பதில் பஸ் டிரைவர் செபாஸ்டினுக்குப் பைத்தியம். அந்த ஞாயிறு தூண்டிலோடு வெளியே நின்றவர், உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ரோஸ்லினைப் பார்த்துக் கத்தினார்: “அக்கா, எங்க ஏரிக்கு நீங்க மட்டும் மகாராணியா?”

“ஊழியர் ரோஸ்லினின் தம்பி. வரலாம்,” என்று கதவு திறந்துகொண்டது.

மறுவாரம் ரோஸ்லினைச் சித்தி என்றவர்கள், மதினி என்றவர்கள், அத்தை என்றவர்கள் எல்லோரும் கரையில் நின்று தூண்டில் வீசினார்கள்.

“என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சொந்தம் வரலையே!” என்றாள் ரோஸ்லின்.

கதவைச் சரிசெய்யச் சென்னையிலிருந்து இளம் மேலாளர் கவின் வந்தார். அவர் சரிசெய்துவிட்டால் ஏரி போச்சு என்று எல்லோருக்கும் தெரியும். கதவுக்கு அவரைத் தெரியவில்லை; திறக்க மறுத்தது. எரிச்சலில் அவர் ரோஸ்லினைக் கூப்பிட்டார்: “ஏம்மா, இங்க வாம்மா!”

“ஊழியர் ரோஸ்லினின் மகன். வரலாம்.”

கரையே சிரித்தது.

“வாங்க மருமகனே!” என்று செபாஸ்டின் தன் தூண்டிலை அவர் கையில் திணித்தார்.

“முதல்ல சாப்பிட்டியாடா?” என்றாள் ரோஸ்லின்.

மாலையில், மீன் வாடை போகாத விரல்களால் கவின் தலைமையகத்துக்கு எழுதினார்: “கதவு சரியாகத்தான் வேலை செய்கிறது.”