வரப்புக் கச்சேரி

“பாட்டுப் பாடியே ஆளுங்களப் போகாம நிறுத்திடுவீங்களா? நடக்குற கதையாப் பேசுங்க” என்றபடி டீ தூக்கை வரப்பில் வைத்தாள் தர்மாம்பாள்.

“நிறுத்திக் காட்டுறேன் பாரு” என்று மடியிலிருந்து நோட்டை எடுத்தார் சாரங்கபாணி.

வலங்கைமான் பக்கம் அவர் வயலில் பாதிதான் நடவு முடிந்திருந்தது. நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. நட வந்த பதினாறு பேரும் பீகார்க்காரர்கள். நாளையிலிருந்து தன் வயலுக்கு வந்தால் தினமும் மதியம் கறிச்சோறு என்று பக்கத்து வயல் நெடுமாறன் அவர்களுக்கு ஆசை காட்டிவிட்டான். போவதா இருப்பதா என்று சாயங்காலம் சொல்வதாகச் சொல்லியிருந்தான் அவர்களுடைய மேஸ்திரி பிந்தேஷ்வர்.

கறி போட்டு அவர்களைப் பிடித்து வைக்கலாமென்றால் இது புரட்டாசி மாதம். பெருமாள் பேரை வைத்துக்கொண்டு அவர் வீட்டு உலையில் கறி வேகுமா? நெடுமாறனுக்குப் புரட்டாசியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான்.

சாரங்கபாணியிடம் இருந்தது பாட்டு. பழைய இந்திப் படப் பாட்டென்றால் அவருக்கு நாற்பது வருஷத்துப் பைத்தியம். அதிலும் ஊரே முணுமுணுக்கிற பாட்டு அவருக்கு ஆகாது. ஒரு வாரம்கூட ஓடாத படத்துப் பாட்டு, யூடியூபில் முந்நூறு பேர்கூடக் கேட்காத பாட்டு என்று தேடித் தேடிக் கண்டுபிடிப்பார். காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வார். இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. பாட்டு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருந்தது.

“அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா ஒண்ணு பாடுங்களேன்” என்றாள் தர்மாம்பாள்.

“டீக்கடையில பாடுறதை நான் எதுக்குடி பாடணும்? அவங்க ஊர்க்காரங்களே மறந்துபோன பாட்டு இது. அதை ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரன் தோண்டி எடுத்துப் பாடுறான்னா அசந்துட மாட்டாங்க?”

தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருவன் கையிலிருந்த நாற்று முடிச்சை ஆட்டித் தாளம் போட்டான். இன்னொருவன் “ஓஹோ!” என்று குரல் கொடுத்தான். சாரங்கபாணிக்கு நெஞ்சு விம்மியது. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் கால் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வந்து நின்றான் பிந்தேஷ்வர். நாலு வருஷமாக நடவுக்கு வருகிறவன், தமிழ் ஓரளவு பழகியிருந்தது.

“ஐயா, நாங்க போகலை. நடவு முடியுற வரைக்கும் இங்கதான்.”

“அப்ப அந்தக் கறிச்சோறு?” என்றார் சாரங்கபாணி.

“கறி எங்க ஊர்ல கிடைக்கும் ஐயா. இந்தப் பாட்டு கிடைக்காது.”

சாரங்கபாணி மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாகத் தர்மாம்பாள் அந்த நோட்டை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். நாற்பது வருஷம் கண்விழித்துத் தேடியதற்கெல்லாம் இந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது அவருக்கு.

“கேட்டியா? கறிச்சோத்தையே ஜெயிச்சுடுச்சு!” என்றவர், “ஏம்ப்பா, இதுல ஒரு பாட்டாவது முன்னாடி கேட்டிருக்கியா?” என்றார் பிந்தேஷ்வரிடம்.

“ஒண்ணுகூட இல்லை ஐயா. எங்களுக்கும் சொல்லிக் குடுங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பாடினா எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க.”

“அதுக்கென்ன, தாராளமா! எந்தப் பாட்டு வேணும்?” என்று நோட்டை அவன் முன் விரித்தார்.

“எதுன்னாலும் சரிதான் ஐயா” என்றான் பிந்தேஷ்வர், கைகூப்பி. “எங்க ஊர்ல இந்திப் பாட்டுதான் எல்லாருக்கும் தெரியும். இந்த மாதிரி தமிழ்ப் பாட்டு யாருக்குத் தெரியும்?”